படியெடுத்தலும் பெயரிடுதலும்: ஒளிப்படத் தொகுதிகளைக் காக்கும் முறையின் வரலாறு

முன்னுரை

தமிழகத்தின் அரியலூர் மாவட்டத்தில், கொள்ளிடத்தின் வடகரையில் அமைந்தது திருமழபாடி வைத்தியநாதர் கோயில். முதலாம் இராசராசன் தன் 28ஆம் ஆட்சியாண்டில், அதாவது 1013ஆம் ஆண்டளவில், அக்கோயிலின் நடுவிமானத்தைப் பிரித்துப் புதிதாகக் கட்ட ஆணையிட்டான். பழைய சுவர்களில் முன்னோர் அளித்த கொடைகளைக் கூறும் கல்வெட்டுகள் இருந்தன. சுவரைப் பிரிக்கும் முன் அவற்றைப் புத்தகத்தில் படியெடுத்துக்கொள்ளுமாறும் அவன் ஆணையில் கூறப்பட்டது. அவன் மகன் முதலாம் இராசேந்திரனின் 14ஆம் ஆட்சியாண்டில், 1026ஆம் ஆண்டளவில், அவை புதிய சுவரில் மீண்டும் பொறிக்கப்பட்டன. கல் போயிற்று, எழுத்து நின்றது.

அதே அரியலூர் மாவட்டத்தில் ஸ்ரீபுரந்தான் என்னும் சிற்றூர் உள்ளது. அவ்வூர்ச் சிவன் கோயிலின் நடராசர் செப்புத் திருமேனி களவாடப்பட்டுக் கடல் கடந்து சென்று, 2014ஆம் ஆண்டு இந்தியாவுக்குத் திரும்பியது. அதன் மீட்சிக்குத் துணைநின்ற சான்றுகளுள் முதன்மையானது, 1994இல் எடுத்து முறையாகக் குறித்துவைக்கப்பட்ட ஓர் ஒளிப்படமாகும்.

ஓராயிரம் ஆண்டு இடைவெளியில் நிகழ்ந்த இவ்விரு செய்திகளும் ஒரே உண்மையை உணர்த்துகின்றன. ஓர் ஆவணத் தொகுதி நிலைபெறுவது அது வைக்கப்பட்டுள்ள பேழையின் வலிமையால் அன்று. அதனைப் படியெடுப்பதும், அதிலுள்ள ஒவ்வொன்றுக்கும் பெயரிடுவதும் ஆகிய இரு செயல்கள் இடையறாது நிகழ்வதாலேயே அது நிலைபெறுகிறது. ஆயிரக்கணக்கான மின்னிலக்க ஒளிப்படங்களை இல்லந்தோறும் சேர்த்து வைத்துள்ள இக்காலத்தில் இவ்வுண்மை புதிய முதன்மை பெறுகிறது. ஒளிப்படங்களைக் காக்கும் முறை கடந்துவந்த பாதையை விளக்கி, மலேசிய, சிங்கப்பூர்த் தமிழரின் ஒளிப்பட ஆவணங்களுக்கு அது எவ்வாறு பொருந்தும் என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஓலைச்சுவடி மரபு

பனையோலை நிலைத்த பொருள் அன்று. ஈரமும் செல்லும் பூச்சியும் அதனை அரித்துவிடும். ஆகவே சிதைந்த ஏட்டைப் பார்த்துப் புதிய ஏட்டில் எழுதிவைப்பது தமிழ்க் கல்வி மரபின் இன்றியமையாப் பணியாயிற்று. நமக்குக் கிடைத்துள்ள சுவடிகளுள் பெரும்பாலானவை நூலாசிரியர் தம் கையால் எழுதியவை அல்ல. படியின் படியின் படியாக வந்தவை. நூல் வாழ்ந்தது ஓலையில் அன்று. எழுதுவோர் வரிசையில் எனலாம். அவ்வரிசை அறுந்த இடங்களில் நூல்கள் மறைந்தன.

உ.வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது பல ஊர்களிலிருந்து பல சுவடிகளைத் திரட்டி ஒப்புநோக்கினார். ஒரு சுவடியில் விடுபட்ட அடியை மற்றொன்று நிரப்பியது. ஒன்றில் நேர்ந்த பிழையை இன்னொன்று காட்டிக்கொடுத்தது. படிகள் பல இருந்தமையும், அவை வெவ்வேறு இடங்களில் வெவ்வேறு கைகளில் இருந்தமையுமே அப்பணியை இயல்வதாக்கின. இவ்விரு கூறுகளும் பின்னர்க் கணினித் துறையினர் வகுத்த காப்பு நெறிகளில் அப்படியே இடம்பெறுவதைக் காணலாம்.

இதற்கு மாறான நிலையையும் தமிழர் வரலாறு கண்டிருக்கிறது. 1981ஆம் ஆண்டு மே 31 இரவு தொடங்கி எரியூட்டப்பட்ட யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் அழிந்தன. வேறிடத்தில் படியுள்ள நூல்களை மீண்டும் வாங்க முடிந்தது. வேறெங்கும் படியில்லாத கையெழுத்து ஏடுகளுக்கு அவ்வாய்ப்பு இல்லை.

தகடும் நெகட்டிவும்

ஒளிப்படக் கலை 1839இல் பாரிசில் உலகுக்கு அறிவிக்கப்பட்டது. டாகேர் கண்ட முறையில் வெள்ளி பூசிய செப்புத் தகட்டின்மீதே படிமம் தோன்றும். ஒவ்வொரு தகடும் ஒன்றே ஒன்றுதான். அதிலிருந்து வேறு படி எடுக்க இயலாது.

அத்தகைய தகட்டைச் சிங்கப்பூரில் கண்டு வியந்து எழுதியவர்களுள் ஒருவர் முன்ஷி அப்துல்லா. மலாக்காவில் பிறந்த இவர், ஏமனிலிருந்து நாகூருக்கு வந்து தங்கிய அரபு முன்னோரின் வழிவந்தவர், தமிழும் கற்றவர். தாம் கண்ட ஒளிப்படத் தகட்டின் செய்முறையை இவர் தம் ‘ஹிக்காயாட் அப்துல்லா’ என்னும் தன்வரலாற்றில் விரித்துரைத்துள்ளார். அந்நூல் 1849இல் சிங்கப்பூரில் கல்லச்சில் பதிக்கப்பெற்றது. இன்று எஞ்சியுள்ள சிங்கப்பூர் ஒளிப்படங்களுள் மிகப் பழையனவாகக் கருதப்படுபவை, பிரெஞ்சு நாட்டவரான ழூல் இத்தியே 1844ஆம் ஆண்டளவில் எடுத்தவையாகும். அப்துல்லா கண்ட தகடு அவற்றுள் இல்லை. அவர் எழுதிய வருணனையோ பல பதிப்புகள் கண்டு இன்றும் வகுப்பறைகளில் படிக்கப்படுகிறது. ஒற்றைத் தகடு மறைய, பல படியாகப் பெருகிய எழுத்து வாழ்ந்தது.

இக்குறையை நீக்கியது டால்பட் என்னும் ஆங்கிலேயர் 1841இல் காப்புரிமை பெற்ற முறை. அதில் முதலில் ஒளியும் நிழலும் மாறித் தோன்றும் நெகட்டிவ் கிடைக்கும். அதிலிருந்து வேண்டிய அளவு படிகளை எடுக்கலாம். படியெடுக்கும் ஆற்றல் ஒளிப்படத்திற்கு இவ்வாறே வாய்த்தது. 1858இல் தஞ்சைப் பெரிய கோயிலைப் படமெடுத்த லினியஸ் டிரைப் என்பவர், விமானத்தின் அடித்தளத்தில் ஓடும் கல்வெட்டினை 21 படங்களாக எடுத்து ஒன்றோடொன்று ஒட்டி, ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள ஒரே படமாக்கினார். திருமழபாடியில் கையால் எழுதிய புத்தகம் செய்த பணியை இங்கு ஒளிப்படம் செய்தது.

ஆயின் நெகட்டிவ் புதியதொரு மயக்கத்தையும் தோற்றுவித்தது. நெகட்டிவ் கையில் இருக்கும்வரை எப்போது வேண்டுமானாலும் படியெடுக்கலாம் என்னும் எண்ணத்தால், உடனே படியெடுக்கும் பழக்கம் தளர்ந்தது. ஓலை தன் அழிவைக் கண்ணுக்குக் காட்டி எழுதுவோரை விரைவுபடுத்தியது. நெகட்டிவ் இருட்டறையில் ஓசையின்றிக் கெட்டது. அசிட்டேட்டு படச்சுருள் வெப்பத்திலும் ஈரத்திலும் சிதைந்து புளிக்காடி நாற்றம் வீசும். வண்ணப் படங்களின் சாயம் வெளிறும். நம் நாடுகளின் தட்பவெப்பத்தில் பூஞ்சணமும் இதனுடன் சேர்ந்துகொள்கிறது.

புதுச்சேரித் தொகுதி: பெயரிடுதலின் பயன்

புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1955இல் தோற்றுவிக்கப்பட்டது. அடுத்த ஆண்டிலிருந்து அதன் ஆய்வாளர்களும் ஒளிப்படக் கலைஞர்களும் தென்னிந்தியக் கோயில்களுக்குச் சென்று கட்டடங்களையும் திருமேனிகளையும் படமெடுத்து வரலாயினர். புகழ்பெற்ற தலங்களோடு, வழிபாடு அருகிய சிற்றூர்க் கோயில்களும் இப்பணியில் இடம்பெற்றன. இவ்வாறு திரண்ட ஒளிப்படங்கள் ஓர் இலட்சத்திற்கும் மேற்பட்டவை. ஒவ்வொரு படமும் எந்த ஊர், எந்தக் கோயில், எந்தத் தெய்வம், எப்போது எடுக்கப்பட்டது என்னும் குறிப்புகளுடன் வரிசைப்படுத்தப்பட்டது. பின்னர் இத்தொகுதி மின்னிலக்க வடிவமும் பெற்றது.

இப்படங்களை எடுத்தோரின் நோக்கம் கலை வரலாறும் சமய ஆய்வும் ஆகும். களவு வழக்கில் சான்றாகும் என்று எண்ணி எவரும் அவற்றை எடுக்கவில்லை. ஆயினும் நிகழ்ந்தது அதுவே.

ஸ்ரீபுரந்தான் சிவன் கோயில் பூட்டிக் கிடந்தமையால், 2006ஆம் ஆண்டளவில் நிகழ்ந்த களவு 2008இல்தான் வெளிப்பட்டது. அதே 2008இல் ஆஸ்திரேலியத் தேசியக் கலைக்கூடம் நியூயார்க் வணிகர் ஒருவரிடமிருந்து நடராசர் திருமேனி ஒன்றை 50 இலட்சம் அமெரிக்க டாலர் கொடுத்து வாங்கியது. அத்திருமேனி பல்லாண்டுகளுக்கு முன்பே இந்தியாவை விட்டு வெளியேறியதாகக் காட்டும் தாள்களை வணிகர் அளித்திருந்தார். புதுச்சேரித் தொகுதியிலிருந்த படமோ, 1994இலும் அத்திருமேனி ஸ்ரீபுரந்தான் கோயிலில் இருந்ததைக் காட்டியது. தாள்கள் பொய்யென்பது வெளிப்பட்டது. நியூ சௌத் வேல்ஸ் கலைக்கூடம் 2004இல் வாங்கிய விருத்தாசலம் அர்த்தநாரீசுவரர் சிலையும், 1974இல் எடுக்கப்பட்ட படத்தின் துணையால் இவ்வாறே அடையாளம் காணப்பட்டது. 2014ஆம் ஆண்டு செப்டம்பரில் ஆஸ்திரேலியா இரண்டையும் இந்தியாவிடம் ஒப்படைத்தது.

இவ்வரலாற்றில் சிங்கப்பூருக்கும் பங்குண்டு. ஆசிய நாகரிகங்கள் அரும்பொருளகம் அதே வணிகரிடமிருந்து 2007இல் 6,50,000 அமெரிக்க டாலருக்கு வாங்கிய 11ஆம் நூற்றாண்டு உமா பரமேசுவரி செப்புத் திருமேனியை, 2015இல் இந்தியாவுக்குத் திருப்பியனுப்ப முடிவுசெய்தது.

இங்கு ஊன்றி நோக்கத்தக்கது ஒன்றுண்டு. நடராசர் திருமேனிகள் பல ஒத்த தோற்றமுடையவை. ஊர்ப்பெயரும் ஆண்டும் இல்லாத ஒரு நடராசர் படம் அழகிய படமாக இருக்கும்; சான்றாக இராது. வழக்கைத் தீர்த்துவைத்தது ஒளிப்படத்தின் தெளிவு மட்டுமன்று. அதனுடன் இருந்த ஊரும் ஆண்டுமே. ஓர் இலட்சம் படங்களுக்கிடையே அப்படத்தைத் தேடி எடுக்க முடிந்ததும் அக்குறிப்பினாலேயே. படியெடுத்தல் படத்தைக் காக்கிறது. பெயரிடுதல் அதன் பொருளைக் காக்கிறது.

காப்பறையும் கைவிட்ட தருணங்கள்

வலிய காப்பறையில் வைத்த பொருள் பாதுகாப்பானது என்பது பொதுவான எண்ணம். அமெரிக்க அதிபர் கென்னடியையும் அவர் குடும்பத்தினரையும் அணுகிப் படமெடுத்த ஜாக் லோவ், தம் 40,000க்கும் மேற்பட்ட நெகட்டிவ்களை நியூயார்க் உலக வணிக மையக் கட்டடம் ஒன்றிலிருந்த வங்கிக் காப்பறையில் வைத்திருந்தார். அவர் 2001ஆம் ஆண்டு மே மாதம் மறைந்தார். அதே ஆண்டு செப்டம்பர் 11ஆம் நாள் நெகட்டிவ்கள் அனைத்தும் அழிந்தன. எஞ்சியவை, நகரின் வேறோரிடத்தில் வைக்கப்பட்டிருந்த தொடுபடித் தாள்கள். நெகட்டிவ்களை அளவு மாறாது வரிசையாகப் பதித்துத் தேர்வுக்காக எடுக்கும் தாள்கள் அவை. பிற்காலத்தில் அத்தாள்களிலிருந்தே படங்கள் மீட்டெடுக்கப்பட்டுக் காட்சிக்கு வைக்கப்பட்டன. விலை மதிப்பற்றதெனக் கருதிப் பூட்டி வைத்தது போயிற்று. வேலைக்காக எடுத்த எளிய படி, வேறிடத்தில் இருந்தமையால் தப்பியது.

இரண்டாவது எடுத்துக்காட்டு வேறு வகையினது. இங்கிலாந்தில் 1086இல் தொகுக்கப்பட்ட டூம்ஸ்டே நில அளவைப் பதிவேட்டின் 900ஆம் ஆண்டு நிறைவையொட்டி, பிபிசி நிறுவனம் 1986இல் நாடு தழுவிய புதிய பதிவேடு ஒன்றை உருவாக்கியது. பள்ளி மாணவர்கள் உட்படப் பலர் திரட்டிய படங்களும் செய்திகளும் லேசர் ஒளித்தட்டில் பதியப்பட்டன. ஏறத்தாழ 15 ஆண்டுகளில் அத்தட்டைப் படிக்கும் கருவிகள் அருகிவிட்டன. தட்டு கெடாமல் இருந்தும் அதிலிருந்ததைப் படிப்பது அரிதாயிற்று. 2002இல் ஆய்வாளர்கள் பழைய கருவியின் செயலைப் புதிய கணினியில் போலச்செய்து அதனை மீட்க வேண்டியிருந்தது. 1086இன் தோல் ஏடு அப்போதும் படிக்கத்தக்கதாகவே இருந்தது.

முதல் நிகழ்ச்சி, ஓரிடத்தில் மட்டும் வைத்ததன் விளைவைக் காட்டுகிறது. இரண்டாவது, ஒரு கருவியை மட்டும் நம்பியதன் விளைவைக் காட்டுகிறது.

மின்னிலக்கக் காலத்தின் புதிய சிக்கல்கள்

1957இல் ரசல் கிர்ஷ் என்பவர் அமெரிக்காவில் தம் குழந்தையின் படத்தைக் கணினிக்குள் செலுத்தினார். அப்படத்தின் அளவு 176க்கு 176 புள்ளிகளே. 1975இல் கோடாக் நிறுவனப் பொறியாளர் ஸ்டீவன் சாசன் உருவாக்கிய மின்னிலக்கக் கருவி, ஒரு படத்தை ஒலிநாடாவில் பதிய 23 நொடி எடுத்துக்கொண்டது. 1992இல் ஜேபெக் தரம் வந்தது, படக்கோப்புகள் சிறுத்தன. அதன்பின் ஒளிப்படம் எடுப்பதற்கான செலவு ஏறத்தாழ இல்லாமற்போனது. படச்சுருளில் 36 படங்கள் மட்டுமே இருந்த காலத்தில் எடுக்கும் முன்னரே தேர்வு நிகழ்ந்தது. இன்று தேர்வு பின்னுக்குத் தள்ளப்பட்டது; பலரிடத்தில் நிகழ்வதேயில்லை.

தொகுதியின் அளவைச் சிறு கணக்கால் உணரலாம். 6,000க்கு 4,000 புள்ளிகள் கொண்ட வண்ணப் படத்தைச் சுருக்காமல் சேமித்தால், புள்ளிக்கு 3 பைட்டாக 7 கோடியே 20 இலட்சம் பைட், அதாவது 72 மெகாபைட் ஆகும். 700 மெகாபைட் கொள்ளும் குறுந்தட்டில் இத்தகைய படங்கள் 9 மட்டுமே அடங்கும். ஓர் இலட்சம் படங்களுக்கு 7.2 டெராபைட் வேண்டும். மூன்று படிகளுக்கு 21.6 டெராபைட். 2000ஆம் ஆண்டளவில் பெருநிறுவனங்களுக்கே இயல்வதாயிருந்த இக்கொள்ளளவு, இன்று சில வன்தட்டுகளில் அடங்கிவிடுகிறது. ஆகவே இடமின்மை இன்று பெருந்தடையன்று, ஒழுங்கின்மையே தடை.

அவ்வொழுங்கின்மை கோப்பின் பெயரிலேயே தொடங்குகிறது. 1998இல் வகுக்கப்பட்ட தரத்தின்படி, படக்கருவி தரும் கோப்புப்பெயர் நான்கு எழுத்துகளும் நான்கு இலக்கங்களும் கொண்டது. 9999க்குப் பின் எண் மீண்டும் 0001ஆகிவிடும். எனவே ஒரே பெயருடைய இரு வேறு படங்கள் தோன்றுகின்றன. இரண்டையும் ஒரே உறையிலிட முயன்றால், கவனமின்மையால் ஒன்றின்மீது மற்றொன்று எழுதப்பட்டு முன்னது அழியக்கூடும். ஆண்டு, திங்கள், நாள், இடம், வரிசை எண் என்னும் முறையில் பெயரிட்டால் இவ்வழிவு நேராது. கோப்புகள் காலவரிசையிலும் தாமே அமையும்.

காப்புப்படி குறித்துப் பரவலாக ஏற்கப்பட்ட நெறி ‘மூன்று, இரண்டு, ஒன்று’ என்பதாகும். அமெரிக்க ஒளிப்படக் கலைஞர் பீட்டர் குரோக், மின்னிலக்கப் படத்தொகுதி மேலாண்மை பற்றி எழுதிய நூலால் இது பரவியது. ஒவ்வொரு கோப்புக்கும் மூன்று படிகள் வேண்டும்; அவை இரண்டு வகை ஊடகங்களில் இருக்க வேண்டும்; ஒன்றேனும் வேறிடத்தில் இருக்க வேண்டும். லோவின் நெகட்டிவ்களுக்கு நேர்ந்ததை மூன்றாம் விதியும், டூம்ஸ்டே தட்டுக்கு நேர்ந்ததை ஒரு பகுதியேனும் இரண்டாம் விதியும் தடுத்திருக்கும். ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் 1999இல் தொடங்கிய லாக்ஸ் என்னும் நூலகத் திட்டமும், படிகள் பலவாதலே காப்பு என்னும் கொள்கையில் எழுந்ததாகும்.

இவ்விடத்தில் இரு வேறுபாடுகளைத் தெளிவுபடுத்த வேண்டும். முதலாவது, ஒத்திசைவும் காப்புப்படியும் ஒன்றல்ல. கைப்பேசியில் ஒரு படத்தை அழித்தால், அதனுடன் ஒத்திசைக்கப்பட்ட மேகச் சேமிப்பிலும் அது அழியும். பிழையையும் உடனுக்குடன் படியெடுக்கும் கண்ணாடி அது. காப்புப்படியோ குறிப்பிட்ட ஒரு நாளின் நிலையை மாற்றமின்றி வைத்திருப்பது. இரண்டாவது, படி இருப்பதும் அது சரியாக இருப்பதும் ஒன்றல்ல. கோப்பின் உள்ளடக்கம் முழுவதிலிருந்தும் கணக்கிட்டுப் பெறும் சரிபார்ப்பு எண் இதற்குத் துணைசெய்கிறது. 1992இல் வெளியான எம்டி5 இதற்குப் பெரிதும் பயன்பட்ட கணக்கீடுகளுள் ஒன்று; அதனினும் வலிய கணக்கீடுகள் பின்னர் வந்துள்ளன. கோப்பில் ஒரு துணுக்கு மாறினும் எண் வேறாகிவிடும். ஆண்டுக்கொருமுறை எண்களை ஒப்பிட்டால் கெட்ட படியைக் கண்டறிந்து, நல்ல படியிலிருந்து மாற்றிக்கொள்ளலாம். ஐயர் சுவடிகளை ஒப்புநோக்கியதன் எந்திர வடிவம் இஃது எனலாம்.

குறிப்புகளின் எழுத்துருச் சிக்கல்

தமிழில் பெயரிட்டு வைத்தோருக்கு உரிய தனிச்சிக்கல் ஒன்றுண்டு. 1990களில் தமிழ்க் கணிமை வளர்ந்தபோது ஒவ்வொரு மென்பொருளும் தனக்கென எழுத்துக் குறியேற்றம் கொண்டிருந்தது. இக்குழப்பத்தைத் தீர்க்கும் முயற்சியில் நம் வட்டாரத்திற்குச் சிறப்பிடம் உண்டு. சிங்கப்பூரின் நா. கோவிந்தசாமி முன்னின்று நடத்திய 1997ஆம் ஆண்டுத் தமிழ் இணைய மாநாடும், 2000இல் சிங்கப்பூரில் நடந்த மாநாட்டையொட்டி உருவான உத்தமம் அமைப்பும் குறிப்பிடத்தக்கவை. தமிழக அரசு 1999இல் டாம், டாப் தரங்களை அறிவித்தது. திஸ்கியும் வழக்கில் இருந்தது. 1991 முதலே தமிழைக் கொண்டிருந்த ஒருங்குறி, பின்னர்ப் பொதுவழக்காயிற்று.

இதன் விளைவாக, 1990களின் இறுதியில் தட்டெழுதிய படவிளக்கப் பட்டியல் ஒன்றை இன்று திறந்தால், படங்கள் தெளிவாகத் தோன்ற, பெயர்கள் பொருளற்ற குறிகளாகத் தோன்றும். அப்பட்டியல் அழியவில்லை, ஆனால் வாய் அடைத்துப்போயிற்று. மாற்றிகள் கிடைக்கும் இக்காலத்திலேயே பழைய பட்டியல்களை ஒருங்குறிக்கு மாற்றிவிட வேண்டும். குறிப்புகளைத் தனிப்பட்டியலில் மட்டும் வைக்காமல், படக்கோப்பினுள்ளேயே அமைந்த விளக்கப் புலங்களிலும் எழுத வேண்டும். படம் பட்டியலைப் பிரிந்து சென்றாலும் பெயர் உடன்செல்லும். பட்டியலைத் தாளில் அச்சிட்டு ஒரு படி வைப்பதும் நன்று. அதனைப் படிக்க எந்தக் கருவியும் வேண்டுவதில்லை.

மலேசிய, சிங்கப்பூர்த் தமிழர் ஒளிப்படங்கள்

நம் சமூக வரலாற்றின் பெரும்பகுதி அரசுக் கோப்புகளிலும் தோட்ட நிருவாகக் கணக்குகளிலும் பதிவாகியுள்ளது. அவை தொழிலாளியை எண்ணாகவும் கூலியாகவும் காட்டுகின்றன. அவர் எவ்வாறு உடுத்தினார், குழந்தையை எவ்வாறு தூக்கி நின்றார், தோட்டக் கோயில் திருவிழாவில் எவ்விடத்தில் நின்றார் என்பவற்றைக் காட்டுவன குடும்ப ஒளிப்படங்களே. லயத்து வீட்டுச் சுவரில் மாலையிட்டுத் தொங்கிய படமும், தமிழ்ப்பள்ளி ஆண்டிறுதிக் குழுப்படமும், திருமணத் தொகுப்பும் வேறெங்கும் கிடைக்காத முதன்மைச் சான்றுகளாகும்.

இவை சிதறிவரும் நிலை கவலைக்குரியது. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, பின் வீடமைப்புப் பகுதிகளாகவும் செம்பனைக் காடுகளாகவும் மாறியபோது குடும்பங்கள் நகர்ப்புறங்களுக்குப் பெயர்ந்தன. பெயர்ச்சியின்போது பாயும் பாத்திரமும் வந்தன. படப்பெட்டி எல்லா வேளையும் வரவில்லை. வந்தவற்றிலும் பசைப்பக்கங்கள் கொண்ட படத்தொகுப்புகளில் ஒட்டப்பட்டவை உரிக்க முடியாதபடி பிடித்துக்கொண்டன. 2021ஆம் ஆண்டு டிசம்பரில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவைப் போன்ற குடியிருப்புகள் வெள்ளத்தில் மூழ்கியது, தாழ்தள வீட்டு அலமாரி எத்துணை நம்பத்தகாத காப்பறை என்பதை உணர்த்தியது. 1924இல் தொடங்கிய தமிழ் நேசன் நாளிதழ் 2019இல் நின்றது. ஓர் இதழ் நிற்கும்போது அச்சான பக்கங்கள் நூலகங்களில் எஞ்சும். அச்சேறாத படங்களுக்கு அவ்வுறுதி இல்லை.

மலேசியத் தேசிய ஆவணக் காப்பகம் 1957 முதலும், சிங்கப்பூரின் காப்பகம் 1968 முதலும் செயற்பட்டு வருகின்றன. 2015இல் நிறைவேறிய சிங்கப்பூர்த் தமிழ் மின்மரபுடைமைத் திட்டம், விடுதலைக்குப் பிந்தைய 50 ஆண்டுத் தமிழ் இலக்கிய நூல்களை மின்வடிவாக்கியது. தனிமனிதர் முயற்சியும் நிறுவனத் துணையும் இணைந்தால் இயல்வது எது என்பதற்கு இது சான்று. தமிழக ஒளிப்பட நிலையங்களின் பழைய உருவப்படங்களை, பிரித்தானிய நூலகத்தின் நிதியுதவியுடன் புதுச்சேரி நிறுவன ஆய்வாளர்கள் மின்வடிவாக்கியதும் இத்தகையதே. அந்நிலையங்களைப் போன்று நம் ஊர்களின் பழைய படநிலையங்களும் மூடப்பட்டு வருகின்றன.

தமிழாசிரியர்கள் இப்பணியில் ஆற்றக்கூடிய பங்கு பெரிது. மாணவர் ஒருவர் தம் பாட்டியிடமிருந்து ஒரு படத்தைப் பெற்று, யார், எங்கே, எப்போது, எடுத்தவர் யார், இப்போது யாரிடம் உள்ளது என்னும் ஐந்து வினாக்களுக்கு விடை எழுதிவரச் செய்யலாம். மொழிப்பாடமும் வரலாற்றுப் பாடமும் அதில் ஒருங்கே நிகழும். படத்தின் முன்பக்கத்தோடு பின்பக்கத்தையும் வருடியில் பதிய வேண்டும்; படநிலைய முத்திரையும் கைக்குறிப்பும் பின்பக்கத்தில்தான் இருக்கும். மூலப்படத்தின்மீது பேனாவால் எழுதுதல் தகாது. எழுத நேர்ந்தால் மென்மையான பென்சிலே ஏற்றது. மின்வடிவாக்கிய பின் மூலத்தை எறிந்துவிடலாகாது. அதுவும் ஒரு படியே. உரியவரின் இசைவு பெறுவதும், வெளியிட வேண்டாவென அவர் கூறுவதை மதிப்பதும் இன்றியமையாதவை. காப்புப்படிகளுள் ஒன்றை வேற்றூர் உறவினரிடமோ நூலகத்திடமோ ஒப்படைக்கலாம். மேகச் சேமிப்பை நாடுவோர், தமக்குப்பின் அதனைத் திறக்கும் வழியைக் குடும்பத்தார் ஒருவருக்கேனும் தெரிவித்துவைத்தல் வேண்டும்.

இவற்றுள் எது முதலில் செய்யத்தக்கது என்னும் வினாவுக்கு விடை தெளிவானது. பெயரிடுதலே முதலில் செய்யத்தக்கது. வன்தட்டை அடுத்த ஆண்டும் வாங்கலாம். படத்தில் இரண்டாம் வரிசையில் நிற்பவர் யாரென அறிந்த எண்பது வயது மூதாட்டியிடம் அடுத்த ஆண்டு கேட்க முடியும் என்பதற்கு உறுதியில்லை. அவர் மறைந்தபின் அப்படத்தின் முப்பது படிகளும் முப்பது பெயரற்ற முகங்களே.

முடிவுரை

திருமழபாடிச் செய்தியை மீண்டும் நோக்குவோம். ஆணைக்கும் மறுபொறிப்புக்கும் இடையே ஏறத்தாழ 13 ஆண்டுகள். பழைய சுவர் பிரிக்கப்பட்டு, புதிய சுவர் எழுத்துப் பெறாதிருந்த காலத்தில் அக்கொடைகளின் சான்றாகக் கோயிலில் இருந்தது அப்புத்தகமே. அதனை எழுதியவர் பெயரை நாம் அறியோம். அப்புத்தகமும் இன்று இல்லை. அது செய்ய வேண்டிய பணியைச் செய்து முடித்தது.

மலேசிய, சிங்கப்பூர்த் தமிழரின் ஒளிப்பட வரலாறு இன்று அத்தகைய இடைக்காலத்தில் உள்ளது. பழைய படத்தொகுப்புகள் பிரிந்துவிட்டன. புதிய சுவர் இன்னும் எழுத்துப் பெறவில்லை. படங்கள் கைப்பேசிகளிலும் தனித்த வன்தட்டுகளிலும் பெயரின்றிக் கிடக்கின்றன. அவற்றைப் படியெடுத்து, பெயரிட்டு, வேறிடத்தில் ஒன்றேனும் வைப்பதற்குப் பெருநிதியோ அரிய தொழில்நுட்பமோ வேண்டுவதில்லை. வேண்டுவது பொறுப்பும் ஒழுங்கும். பெயர் சொல்லக்கூடிய தலைமுறை நம்மிடையே இருக்கும்போதே இப்பணி தொடங்கப்பட வேண்டும்.